சாதுக் கிருமி

"தடுக்காதையும், திலகம். நான் அதைக் குடிக்கத்தான் போறன்."

டாக்டர் தம்பிராஜா கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி சொன்னார். குழாய்க்குள் இறைச்சிச் சாறு கலங்கிக் கிடந்தது. அந்தக் கலங்கல் முழுவதும் உயிர். காஹாங் ஊருக்கு அப்பால் இரும்புக்கல் வெட்டும் மலையின் சிவப்பு மண்ணிலிருந்து எடுத்து, அவர் வளர்த்த கிருமி.

சுரங்கத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டாக்டர். வீட்டின் பின்னறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். சாயம் ஏற்றிப் பார்த்தார். எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எந்தச் சூட்டில் வளர்கிறது என்று பார்த்தார். அவரிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அதன் ஜாடை இல்லை. புதிய இனம்! மண்ணில் இரும்பைத் தின்று கிடக்கும் சாதுக் கிருமிகளின் குடும்பத்தில் அதைச் சேர்த்து, அந்த மலையின் பெயரையே லத்தீனில் சூட்டிவிட்டார். லண்டனுக்கு எழுதுவதுதான் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சுரங்கக் கூலிகள் குடியிருந்த லயத்தில் காய்ச்சல் வந்தது. மண் வெட்டுகிற ஆட்கள் உடம்பு நெருப்பாய்ச் சுட, மூச்சு முட்டிச் செத்தார்கள். 'மண்ணுல விஷம் இருக்கு' என்று மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். சுரங்கத்துத் துரை தினமும் வந்து டாக்டரிடம் கத்திவிட்டுப் போனார்.

"செத்த காளியப்பன்ரை ரத்தத்திலையும் இதே கிருமி தெரிஞ்சது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" மனைவி திலகம் கேட்டாள்.

"அது என்ரை மேசையில கிடந்த மண்தூசி விழுந்திருக்கும்."

"இந்தக் கிருமியை ஊசி போட்ட வெள்ளெலி ஒண்டும் செத்துப் போச்சுதே?"

"மற்றது துள்ளித் திரியுதே! மழைக்குளிரில ஒரு எலி செத்தால் அதுக்கும் கிருமியோ பொறுப்பு? இது சாது, திலகம். வளர்த்த எனக்குத் தெரியாதோ? இந்தச் சனத்துக்கு விளங்கப்படுத்த வேறை வழி இல்லை. நாளைக்குக் காலமை எல்லாருக்கும் முன்னாலை குடிச்சுக் காட்டுவன்."

"பிள்ளையாராணை, வேண்டாம்!" அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவள் கைகளை மெல்ல விலக்கினார். சிரித்தார். அவ்வளவுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரி முற்றத்தில் லயமே கூடி நின்றது. டாக்டர் குழாயின் பஞ்சடைப்பை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டி, ஒரே மடக்கில் குடித்தார். பெண்கள் 'ஐயோ' என்று அலறினார்கள். தூணைப் பிடித்தபடி நின்ற திலகம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து லயம் முழுக்க டாக்டரின் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. செத்துப்போன காளியப்பனின் மனைவி வெள்ளையம்மா காலையில் சமையலறை வாசலுக்கே வந்துவிடுவாள்.

"அய்யாவுக்குக் காய்ச்சல் கண்டுச்சுங்களாம்மா?"

"இல்லை."

"மூச்சு?"

"நல்லா இருக்கிறார்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போவாள். திலகம் சோற்றைத் தொடாமலே எழுந்துவிடுவாள். அவள் முகம் வற்றிப் போனதைக் கண்டு டாக்டருக்கே சிரிப்பு வந்தது.

"நான் கல்லுப்போலை இருக்கிறன். நீர்தான் காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறீர். இன்னும் என்ன பயம்?"

"இஞ்சருங்கோ, இன்னும் கொஞ்ச எலிக்குப் போட்டுப் பாருங்கோவன். அதுவரைக்கும் வேலை தொடங்க வேண்டாம் எண்டு துரையிட்டைச் சொல்லுங்கோ."

"நானே குடிச்சிட்டன். இனி எலி எதுக்கு?"

கடைசியில் சனம் நம்பிவிட்டது. ஒருநாள் காலை கங்காணி கொம்பு ஊதினான். மண்வெட்டியும் கூடையுமாக ஆட்கள் டாக்டர் வீட்டைத் தாண்டி மலைக்குப் புறப்பட்டார்கள். இரவு பெய்த மழையில் பாதை சிவப்புச் சேறாய்க் கிடந்தது. படியில் நின்ற டாக்டரைக் கும்பிட்டுக்கொண்டே போனார்கள்.

வெள்ளையம்மா மட்டும் திலகத்திடம் வந்தாள். பக்கத்தில் அவள் தம்பி அர்ச்சுனன். வெறுங்கால். கணுக்காலில் கல் கிழித்த புண் வாய் பிளந்திருந்தது. சேறு அதன்மேல் அப்பியிருந்தது.

"எம் புருசனைக் கொன்ன மண்ணுன்னு பயந்துகிட்டே இருந்தேம்மா. அய்யாவே அதைக் குடிச்சுட்டு ராசாவாட்டம் நிக்கிறாரு. இனிமே என்னா பயம்? தம்பியையும் வேலைக்குக் கூட்டிக்கிட்டேன். நீங்க நல்லா இருக்கணும்மா."

திலகம் அந்தப் புண்ணையே பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவள் கண்டதில்லை.

அடுத்த கணம் படியிறங்கி ஓடினாள். சேற்றில் வழுக்கி, எழுந்து, ஆட்களுக்கு முன்னால் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

"போகாதேங்கோ! ஒருத்தரும் மலைக்குப் போகாதேங்கோ!"

"திலகம்! உமக்கென்ன விசரோ? உள்ளுக்குப் போம்!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர் குடிச்சது செத்த கிருமி! அண்டைக்கு விடிய, அவர் எழும்ப முந்தி, அந்தக் குழாயை அடுப்பில வைச்சுக் கொதிக்கக் கொதிக்க அவிச்சது நான்தான்!"

வெள்ளையம்மா தம்பியின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினாள்.