வற்றக் கூடாத பால்

இன்மை மையத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலையில், வேணியின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

துக்கம் தாங்காதவர்கள் போகிற இடம் அது. இழந்தது எதுவானாலும், அப்படியொன்று என்றுமே இருந்ததில்லை என்று ஆக்கிவிடுவார்கள். படம் இருக்காது, பெயர் இருக்காது, அழுகையும் வராது. எதை இழந்தோம் என்று அவள் கணவனுக்கும் தெரியவில்லை. சம்மதத் தாளின் அடியில் இருவர் கையெழுத்தும் இருந்தன; மேலே வெறும் வெள்ளை.

பக்கத்து வீட்டு ரெஜினா பார்த்ததுமே மல்லிகைச் சரத்தோடு ஓடிவந்தாள்.

"பால் கட்டிக்கிச்சாடி? பூவ மார்ல வச்சுக் கட்டு, ரெண்டு நாள்ல வத்திடும்." சொல்லிவிட்டுத் திகைத்து நின்றாள். "ஆமா, உனக்கு ஏதுடி பால்?"

வேணி பூவைத் தள்ளிவைத்தாள்.

"வத்த வேணாங்க்கா. யாருன்னு தெரியல. இதுவும் வத்திட்டா, நெஜமாவே யாரும் இல்லன்னு ஆயிடும்."