வில்வண்டிக்குப் பித்தளை

பலாமரத்துக்குப் பழகிய இழைப்புளி பித்தளைத் தகட்டின் ஓரத்தில் இரண்டு விரற்கடை ஓடி, கிறீச்சிட்டு நின்றது.

சென்னிமலை ஆசாரி உளியின் வாயை விரலால் தடவினார். இன்றைக்கு இது நாலாவது பொக்கை.

“கன்னாரைக் கூப்புட்டா ஒரு நாழியில முடிஞ்சு போற வேலைங்க, பண்ணாடி.”

“அவன் எம்பட வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லி வருசம் நாலாச்சு. நீ அடி.”

பண்ணையக்காரர் பொங்கியண்ணன் அப்படித்தான். பித்தளைப் பாத்திரம் அடிக்கும் கன்னாரோடு பேச்சு இல்லை. கொல்லரோடு இல்லை. பங்காளிகளோடு எப்போதுமே இல்லை. கோபாலபுரம் வரைக்கும் அவர் முறைத்துக்கொள்ளாத ஆள் என்றால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த இந்தத் தச்சர் ஒருவர்தான். அவரும் வந்து எட்டு நாள்தான் ஆகிறது.

ஆகவே பித்தளை வேலையையும் மரவேலைக் கருவிகளே பார்த்துக்கொண்டன. ரம்பம் அறுத்தது, கொட்டாப்புளி தட்டி நிமிர்த்தியது.

செய்வது வில்வண்டி. முகப்புப் பலகைக்குப் பித்தளை, சக்கரக் குடத்துக்குப் பித்தளைப் பூண், ஏறுகிற படிக்கும் பித்தளைத் தகடு. மலையாள எல்லைச் சித்தூர் தாசில்தாரே இறங்கி நின்று பார்ப்பார் என்று பொங்கியண்ணன் தம் எருதுகளிடம் சொல்லியிருந்தார். கேட்க வேறு யாரும் இல்லை.

மூன்று வருஷமாகத் தாய்வீட்டில் இருக்கும் மனைவி பழனாத்தாளை வருகிற வெள்ளிக்கிழமை இந்த வண்டியில்தான் அழைத்துவரப் போகிறார். இதைப் பார்த்தால் மறுபேச்சில்லாமல் ஏறிவிடுவாள் என்பது அவர் நம்பிக்கை. ஏறாவிட்டால், அவ்வளவு பெரிய வீட்டில் இனிமேலும் அவரும் பல்லிகளும்தான்.

பித்தளையை விலைக்கு வாங்குவானேன் என்று, பரணில் கறுத்துக் கிடந்ததில் பெரிய அண்டாவாகப் பார்த்துத் தாமே இறக்கி அறுக்கக் கொடுத்திருந்தார். புளி போட்டுத் துலக்க ஆள் இல்லாமல் மூன்று வருஷக் களிம்பு. தம் வீட்டில் இருப்பதெல்லாம் தம்முடையது என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஆசாரி கடைசித் தகட்டைப் படிப்பலகையின் மேல் வைத்து ஈர மணலால் தேய்த்தார். களிம்பு போயிற்று. புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்துகள் தெரிந்தன.

“பேரு வெட்டியிருக்குதுங்க. நமக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆரு பேருங்க?”

பொங்கியண்ணன் குனிந்தார். உதடு மட்டும் அசைந்தது.

பழனாத்தாள்.

“கால் வெக்கிற எடமுங்க. அரத்தப் போட்டுத் தேச்சுப்போடட்டுங்களா?”

அவர் நிமிரவில்லை. அந்த ஆறு எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். பிறகு கேட்ட குரல் பண்ணாடியின் குரலாக இல்லை. எட்டு நாளில் முதல் தடவையாக அதில் மரியாதை இருந்தது.

“ஏனுங்க ஆசாரி, இதெல்லாஞ் சேத்தி மறுக்கா அண்டாவாப் பண்ண முடியுங்களா?”

சென்னிமலை, அறுத்துப் போட்ட துண்டுகளை ஒரு பார்வை பார்த்தார்.

“நானு மரவேலைக்காரனுங்க.”

தாய்வீட்டுக்குப் போன முதல் மாதமே பழனாத்தாள் ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள். வண்டி எதுவும் வேண்டாம். அம்மா கொடுத்த அண்டா ஒன்றை மட்டும், அது அவளுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தால் போதும். அன்றைக்கே நடந்து வந்துவிடுவதாக.