ஏழாவது கடுதாசி

"எழுதினது எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கணும்," என்றார் முதலாளி.

மேனேஜர் தலையாட்டினார். கொஞ்சமும் யோசிக்காமல் விசாரணையைப் பச்சையிடம் ஒப்படைத்தார்.

பச்சை என்பது அந்தத் துணி ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரிக்கு ஆட்கள் வைத்த பெயர். அந்தப் பிரிவுக்கு அதிகாரி, குமாஸ்தா, பியூன் எல்லாமே அவர்தான். அவர் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களோடு குடித்தனம்.

போன ஆண்டு விழாவில் முதலாளி மைக்கைப் பிடித்து, ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுச் சாயத் தண்ணீர்கூட வாய்க்காலில் கலக்காது என்று அடித்துச் சொன்னார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சுத்திகரிப்பு மெஷினும் வந்தது. வந்த மெஷின் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. பூனை அதற்குள் இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது. பச்சை எழுதி அனுப்பிய குறிப்புகளின்மேல் டீ கிளாஸ் வைத்தார்கள்.

அப்புறம்தான் வாசல் புகார்ப் பெட்டியில் மொட்டைக் கடுதாசிகள் விழ ஆரம்பித்தன. கோணல்மாணலான இடது கை எழுத்து. மைக்கில் சொன்னது மறந்துபோச்சா, நம்மிடம் துணி வாங்குகிற கம்பெனிகளுக்கு ஒரு நகல் அனுப்பட்டுமா என்று ஒரே மிரட்டல். ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு வேலை நடந்தது. தார்ப்பாய் விலகியது, குழாய் வந்தது, மோட்டார் வந்தது. ஆறாவதில் மின் இணைப்பே வந்துவிட்டது. சுவிட்சைப் போடுவதுதான் பாக்கி.

ஆறையும் எழுதியவர் சாட்சாத் பச்சையேதான். பாலுக்குப் பூனை காவல். அவரும் இருநூறு பேரிடம் எழுத்து மாதிரி வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, விசாரணையை ஜவ்வாக இழுத்தார். ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை நின்றது. கேன்டீன் சமையல்காரருக்கு இடது கைப் பழக்கம் என்று யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து அவரை முதலாளி தன் அறையிலேயே உட்கார வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பச்சைக்கு மனசு கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும், ஒப்புக்கொண்டுவிடலாம் என்று மாடிப்படியில் தடதடவென்று ஏறினார்.

எதிரே சமையல்காரர் இறங்கி வந்தார், வாயெல்லாம் பல்.

"நான் உள்ள உட்கார்ந்திருக்கும்போதே பெட்டியில இன்னொரு கடுதாசி விழுந்திருக்கு சார். 'சமையல்காரரை விடுங்க, பாவம். இன்னைக்கு மெஷின் ஓடலைன்னா நகல் போயிடும்'னு. முதலாளி ஆடிப்போயிட்டார்."

கீழே மெஷின் உறுமத் தொடங்கியது. பச்சைக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கூடவே, ஏழாவதை எழுதியது யார் என்று தலையும் சுற்றியது. மேனேஜர் அறைக்குள் ஓடியவர், "சார், நான் எழுதினது ஆறுதான்..." என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியும். அதனாலதான் விசாரணையை உன்கிட்ட கொடுத்தேன்," என்ற மேனேஜர், தன் இடது கை விரல்களில் இருந்த மையைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டே கேட்டார். "இந்தக் கையால எப்படிய்யா ஆறு எழுதினே? எனக்கு ஒண்ணு எழுதறதுக்குள்ளயே நாக்குத் தள்ளிப்போச்சு."