பட்டியலில் இல்லாத வீடு

சிட்னியிலிருந்து மெல்பேர்ன்வரை கடலோரமாகவே காரில் போய், வழியிலுள்ள சொந்தக்காரரையும் சிநேகிதரையும் பார்ப்பதென்று குணசிங்கம் ஐந்து வீடுகளைப் பட்டியலிட்டிருந்தார். மெரிம்புலாவில் இருக்கும் மனைவியின் தம்பி வசீகரனின் பெயர் அதில் இல்லை. ஓர் ஆணோடு குடும்பம் நடத்துகிறவனின் வாசலை மிதிக்க மாட்டேனென்று அவர் சொல்லிப் பதினொரு வருடமாகிறது.

மெரிம்புலாவுக்குப் பிரியும் சாலை வந்ததும், காரை ஓட்டிவந்த மனைவி ஜெயகௌரி சிக்னல் போட்டாள்.

"நேர போம்," என்றார்.

"மாட்டன்."

"கௌரி, நான் இறங்க மாட்டன்."

"உங்களை இறங்கச் சொல்லி நான் கேக்கேல்லையே."

தம்பியின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். அவர் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தனியே இறங்கி நடந்தாள். பெல்லை இரண்டு தரம் அழுத்தினாள்.

கதவைத் திறந்த வசீகரனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவனுக்குப் பின்னால் உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் ஈரக் கையைத் துடைத்தபடி தயங்கி நின்றார். வசீகரன் அவளைத் தாண்டிக் காரைப் பார்த்தான்.

"அக்கா... அத்தான் வரேல்லையோ?"

"அவர் காருக்கை இருக்கட்டும்," என்று செருப்பைக் கழற்றினாள். "எனக்குப் பசிக்குது. சோத்தைப் போடு, நாங்கள் மூண்டு பேரும் இருந்து சாப்பிடுவம்."