பெட்டிக்கு ஓர் இடம்

மருமகள் போனில் தோழியிடம் பொரிந்துகொண்டிருந்தாள். "பேரன்ட்தான்டி பிரச்சினை! சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. தூக்கிட்டா சைல்டு ரெண்டும் தாராளமா இருக்கும்!"

கூடத்தில் இருந்த மாமனாருக்குச் சுருக்கென்றது. சைல்டு ரெண்டு, பேரப்பிள்ளைகள். இடத்தை அடைக்கும் பேரன்ட் அவரேதான். அதுவும் 'இருக்கு'வாம், 'இருக்கார்' இல்லையாம்! மானஸ்தர் அவர், பிறர் தூக்கும்வரை காத்திருப்பாரா? துணிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"மாமா, தூக்கிட்டேன்!" செல்போனை நீட்டியபடி ஓடிவந்தாள் மருமகள். "நான் செய்ற ஆப்! ரெண்டு பட்டனைச் சுத்தி ஒரு வெட்டிப் பெட்டி இருந்துச்சு. அதைத்தான் பேரன்ட்னு சொல்லுவோம், உள்ள இருக்கற பட்டன் ரெண்டும் சைல்டு. எடுத்ததும் ஸ்கிரீன் எப்படி அமைஞ்சிடுச்சு பாருங்க! ஆமா, உங்க கையில என்ன பெட்டி?"

"இதுவா? எங்கே வைக்கலாம்னு பார்க்கறேன்" என்றார் விறைப்பாக.

"இருந்த இடத்துலயே இருக்கட்டும் மாமா. அதுதான் அழகு!"