கிணற்றில் குதித்தவர்

ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம் கோமதிநாயகம் பேசிக்கொண்டே வந்தார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை கிணற்றில் விழுந்ததையும், தான் குதித்து உயிரோடு தூக்கியதையும் சொன்னார். அருகிலிருந்த அவர் மனைவி செண்பகவடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று குதித்தது அவள். அவருக்கு நீச்சலே தெரியாது.

"அத்தன பேரு நின்னாங்க, ஒருத்தன் இறங்கல. நான்தான் இறங்கினேன்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தாள்.

"பிள்ளை என் கழுத்தப் பிடிச்சு உள்ள இழுத்துட்டா. அவ கையப் பிரிச்சு விட்டுட்டேன். நாம பொழச்சாப் போதும்னு தோணிட்டு. பெறவுதான் மறுபடி முங்கித் தூக்கினேன்."

செண்பகவடிவு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கையைப் பிரித்துவிட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட. தூக்கத்தில் உளறியிருப்பாளோ? பெருமை பேசுகிறவர் அதை எதற்குச் சேர்த்துச் சொல்கிறார்?

"பயம் யாருக்குத்தான் இல்ல சார். மறுபடி முங்குனீங்களே, அது பெரிய விஷயம்" என்ற எதிர் இருக்கைக்காரர், அவள் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

கோமதிநாயகம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

'மறுபடி முங்குனீங்களே' – பதினாறு வருஷமாக யார் வாயிலிருந்தாவது கேட்க அவள் ஏங்கிய வார்த்தை. அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"மேல நின்னேன்" என்றாள். "இவுகளப் பார்த்துக்கிட்டே நின்னேன்."