முதலில் வரும் செய்தி

"எல்லாம் இருக்கு. அந்த நர்ஸ் செய்தி மட்டும் எங்கேய்யா போச்சு?"

முதலாளி லேப்டாப்பைத் தாடியின் பக்கம் திருப்பினார். ஆபீஸில் எல்லோருக்கும் அவன் தாடிதான். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள். செய்தி வெப்சைட்டாம், பெரிய செய்தி! எவர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டாலும் முதல் ஆளாய் ஓடிப்போய் நிற்கிற கூட்டம்.

"பழைய சாஃப்ட்வேர்லேர்ந்து புதுசுக்கு மாத்தினோம் இல்லையா சார்? ஒவ்வொரு செய்திக்கும் அட்ரஸ் மாறிடும். பழைய அட்ரஸைத் தேடி வர்றவங்களைப் புதுசுக்குத் திருப்பி விடணும். ஆயிரக்கணக்குல இருக்கு. அதுல அந்த ஒரு செய்தி மட்டும் புதுசுக்கு ஏறாமலே விட்டுப்போச்சு."

"என்னய்யா சர்வ சாதாரணமா சொல்றே! நெட்ல யார் எதைத் தேடினாலும் நாமதான் முதல்ல வரணும், ஒரு படி இறங்கக் கூடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"இறங்கலை சார், ஏறித்தான் இருக்கு. இப்ப நாம எதைப் போட்டாலும் பத்து நிமிஷத்துல முதல்ல வந்து நிக்குது."

அது உண்மைதான். சோறு தண்ணி பார்க்காமல் உழைத்திருந்தான்.

"அது கிடக்கட்டும். 'ஊசி மாற்றிப் போட்ட நர்ஸ்'! அவ பேரைத் தட்டினா இத்தனை வருஷமா நம்ம செய்திதான் முதல்ல. தப்பு டாக்டர் மேலதான்னு விசாரணையில தெரிஞ்சப்புறம், எடுத்துடுங்க சார்னு இதே நாற்காலியில உட்கார்ந்து அந்தப் பொண்ணு அழுதா. நான் அசைஞ்சேனா? நீ கமுக்கமா தொலைச்சுட்டு வந்து நிக்கிறே. பழைய சர்வர்லேர்ந்து எடுத்துப் போடு."

"அது ஏது சார் இப்போ? மாத்தின மறுநாளே, ரெண்டு சர்வருக்கு எதுக்கு வாடகை, பழசை நிறுத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முதலாளிக்குச் சுருக்கென்றது. தன் கஞ்சத்தனத்தைத் தானே திட்டிக்கொள்ள முடியுமா? அவன் மேல் பாய்ந்தார்.

"எவன்கிட்டடா விலை போனே?"

"யார்கிட்டயும் இல்ல சார். கைத்தவறு."

"கைத்தவறா? இன்னிக்குச் செய்தியே நீதான். 'நம்பவைத்து மோசம் செய்த ஊழியர்'. உன் பேரு, போட்டோ எல்லாம் போடறேன். அப்புறம் எவன் உனக்கு வேலை குடுக்கிறான்னு பாக்கறேன். போடா வெளியே!"

தாடி அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தான். வாசல் வரை நடந்தான். நேற்று வரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர்களில் ஒருத்தர்கூடத் தலை நிமிரவில்லை. சீ, என்ன மனுஷங்க!

கால் போன போக்கில் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். தங்கை இன்டர்வியூவுக்குக் கட்டிப்போன புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போன காரியம் என்னம்மா ஆச்சு?"

"அண்ணா, என் எதிர்லயே என் பேரைத் தட்டிப் பார்த்தாங்க. எனக்கு உசிரே போயிடுச்சு. ஆனா அந்த ஊசி செய்தி வரவேயில்ல அண்ணா! 'உங்களை மாதிரி அனுபவம் உள்ள நர்ஸைத்தான் தேடிட்டிருக்கோம்'னு சொன்னாங்க."

அன்று முதல்முறையாகத் தாடி சிரித்தான். அந்த ஒரு செய்தியைத் தொலைக்கத்தானே அந்தப் பாழாய்ப்போன ஆபீஸில் வேலைக்கே சேர்ந்தான்?

"அப்போ எப்ப சேரச் சொன்னாங்க?"

தங்கை தரையைப் பார்த்தாள்.

"வீட்டுல யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. அண்ணன் மட்டும்தான்னு உன் பேரைச் சொன்னேன். அதையும் தட்டிப் பார்த்தாங்க அண்ணா."

என்ன வந்தது என்று அவன் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் முதலில் வந்து நிற்கும்படி செய்து கொடுத்தவனே அவன்தான்.